நோயும் பழியும்

திருவண்ணாமலைத் திருக்கோவிலின் ஒன்பது கோபுரங்களுள் ஒன்று வல்லாள மகாராசன் பெயரால் விளங்குகிறது. பதினான்காம் நூற்றாண்டில் இவ்வூரைத் தலைநகராகக் கொண்டிருந்த போசள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன் எழுப்பியது அது என்பர். அதன் அடியில் முருகனுக்கு ஒரு சந்நிதி உண்டு. கோபுரத்து இளையனார் என்று பெயர். கார்த்திகைத் தீபத்திற்கும் முழுநிலவுக் கிரிவலத்திற்கும் வந்து குவியும் கூட்டத்தில் பலர் அச்சந்நிதியை நின்று நோக்காமலேயே கடந்துவிடுவர். ஊரார் மட்டும் அறிவர்: அருணகிரிநாதர் மேலிருந்து வீழ்ந்தபோது முருகன் அவரைத் தாங்கிக்கொண்ட இடம் அது என்று.

கதை நாம் எல்லோரும் கேட்டதே. இளமையில் பரத்தையர் இல்லங்களே கதியெனக் கிடந்தார். வீட்டுப் பொருள் அனைத்தும் கரைந்தது. உடலில் பெருநோய் பற்றியது. ஊரார் முகம் திருப்பிக்கொண்டனர். கடைசியில் வளர்த்த தமக்கையிடமே பணம் கேட்டு நின்றபோது, அவள் நெஞ்சு நொந்து சொன்ன ஒரு சொல் அவரைக் கோபுரத்தின் உச்சிக்கு ஏற்றியது. 1964இல் டி. எம். சௌந்தரராசன் அருணகிரிநாதராகவே நடித்துப் பாடிய திரைப்படம் வந்தபின், இக்கதை தமிழ்நாட்டில் எழுத்தறியாதாரும் அறிந்த ஒன்றாயிற்று.

வரலாற்றாசிரியன் இங்கே சற்றுத் தயங்கவே செய்வான். தம் பாடலில் பிரபுட தேவராயனை அருணகிரியார் குறிப்பதால் அவர் பதினைந்தாம் நூற்றாண்டினர் என்று கொள்ள இடமுண்டு. அவருடைய இளமை ஒழுக்கத்திற்கோ நோய்க்கோ கல்வெட்டுச் சான்று கிடையாது. திருப்புகழில் விலைமாதர் மயக்கைப் பழித்துத் தம்மையே நொந்துகொள்ளும் அடிகள் மிகுதி. அவற்றைத் தன்வரலாறு என்று படித்தோர் உண்டு. பிறர் பிழையைத் தன்மேல் ஏற்றிப் பாடும் பக்தி மரபு என்று படித்தோரும் உண்டு. நமக்கு இரண்டாவது கருத்தே பொருத்தமாகத் தோன்றுகிறது. எனினும் கதையைத் தள்ளிவிட மனம் வரவில்லை. ஏனெனில் கதையைக் கட்டிய மக்கள், தாம் அறிந்த ஓர் உண்மையை அதில் பொதிந்து வைத்துள்ளனர். கதையில் வரும் இளைஞன் நோய் முற்றிக் கோபுரம் ஏறவில்லை. பழி தாளாமல் ஏறுகிறான். இறைவனும் அவன் நலம்பெற்றுத் திருந்தி நோன்பிருந்த பின்னர் வரவில்லை. விழுகின்ற வழியிலேயே வந்து தாங்குகிறான்.

காமத்தின் வழியே வரும் நோய்களுக்கு நம் மக்கள் இட்ட பெயர்களைக் கேட்டாலே இப்பழியின் வரலாறு விளங்கும். மேகநோய் என்பது சித்த மருத்துவர் வழக்கு. கிரந்திப் புண்ணுக்கோ பறங்கிப்புண் என்றும் ஒரு பெயர் ஏற்பட்டது. வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கிய 1498க்குப் பின் கடல்வழி வந்தவர்களால் பரவியது என்பதால் அந்தப் பெயர். அதற்குக் கொடுத்த மருந்தும் பறங்கிப்பட்டை ஆயிற்று. இன்றும் நாட்டு மருந்துக் கடையில் அப்பெயர் சொல்லியே வாங்குகிறோம். ஐரோப்பாவிலும் இதே கதைதான். இத்தாலியர் அதைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். நோய் எப்போதும் அடுத்தவன் வீட்டுப் பிள்ளை! (1606இல் மதுரை வந்த தே நோபிலி அடிகள் தம்மைப் பறங்கி அல்லர் என்று நிறுவுவதற்கு எத்துணை பாடுபட்டார் என்பதை நம் வாசகர் அறிவர். ஒரு புண்ணுக்கு இட்ட பெயரே ஒரு மறைக்கும் இடப்பட்டிருந்த காலம் அது.)

ஆங்கிலேயர் ஆட்சியில் இப்பழிக்குச் சட்டத்தின் கையும் துணைநின்றது. படைவீரரை நோயினின்று காக்கவென்று 1868இல் இந்தியாவில் ஒரு தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. வீரர்களிடம் செல்லும் பெண்களைப் பதிவு செய்து, சோதித்து, நோய் கண்டால் மருத்துவமனையில் அடைத்து வைப்பது அதன் வழி. வீரருக்கு அத்தகைய அடைப்பு இல்லை. 1888இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆயின் அதற்கு முன்பே, 1860இன் தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவு இடம்பெற்றுவிட்டது. இயற்கைக்கு மாறான உறவு என்ற பெயரில் ஆணுக்கு ஆண் கொண்ட உறவை வாழ்நாள் சிறைக்குரிய குற்றமாக்கிய பிரிவு அது. பெண்ணைப் பதிவேட்டில் எழுதிய அரசு, இந்த ஆணைப் பெயரே இல்லாதவனாக்கிற்று. நாம் இங்குப் பேச விழைவது முதன்மையாக அவனைப் பற்றியே.

அதற்குமுன் நம் திருச்சபை வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்வது நலம். பெல்ஜியம் நாட்டுத் தமியான் அடிகள் ஹவாய்த் தீவுகளில் தொழுநோயாளர் ஒதுக்கி வைக்கப்பட்ட மொலோக்காய்த் தீவுக்கு 1873ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்றார். தொழுநோய்க்குக் காரணமான கிருமியை நார்வே நாட்டில் ஹான்சன் கண்டறிந்ததும் அதே 1873இல்தான். ஆயினும் கிருமி என்ற செய்தி உலகெங்கும் ஏற்கப்படப் பல்லாண்டுகள் ஆயின. தொழுநோய் என்பது காமநோயின் முற்றிய நிலையே என்று கற்றறிந்த மருத்துவரிலும் சிலர் கருதிவந்தனர். தமியான் நோயுற்று 1889 ஏப்ரல் 15இல் இறந்தார். அவர் மறைந்த சில மாதங்களிலேயே, ஹொனலூலுவில் வாழ்ந்த ஹைடு என்னும் போதகர் தம் நண்பருக்கு எழுதிய கடிதம் செய்தித்தாளில் வெளியாயிற்று. தமியான் பெண்கள் விடயத்தில் தூயவரல்லர், அவரது ஒழுக்கக்கேடும் கவனக்குறைவுமே நோயைக் கொணர்ந்தன என்பது அதன் சாரம்.

அதற்கு விடையளித்தவர் கத்தோலிக்கர் அல்லர். பிரெஸ்பிட்டேரியன் குடும்பத்தில் பிறந்த நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். தமியான் இறந்த அடுத்த மாதமே மொலோக்காய்க்கு நேரில் சென்று, அவரோடு வாழ்ந்தவர்களைக் கண்டு வினவியவர். 1890 பெப்ருவரியில் அவர் எழுதிய திறந்த மடல் உலகப் புகழ் பெற்றது. அதில் நம் சிந்தைக்குரிய இடம் ஒன்றுண்டு. குற்றச்சாட்டு பொய் என்று சொல்வதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. அது மெய்யாகவே இருந்தாலும் அதை ஊர் கேட்கப் பரப்பியவனின் நிலை என்ன என்றும் கேட்டார். தமியான் தூயவர் ஆகையால் அவரைப் பழிக்கலாகாது என்பது ஒரு வாதம். நோயுற்ற எவரையும் பழிக்கலாகாது என்பது வேறொரு வாதம். ஸ்டீவன்சன் இரண்டையும் தொட்டார். திருச்சபை அவரை 1995இல் முத்திப்பேறு பெற்றோர் வரிசையிலும் 2009 அக்டோபர் 11இல் புனிதர் வரிசையிலும் சேர்த்தது. இன்று எய்ட்ஸ் நோயாளர் பலர் அவரைத் தம் பாதுகாவலராகக் கொள்வது தற்செயலன்று.

பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தாருக்குத் தொழுநோய் தொலைவூர்ச் செய்தியன்று. நாட்டிலேயே அந்நோய் மிகுந்திருந்த பகுதிகளுள் இதுவும் ஒன்று. சேத்துப்பட்டில் தூய தோமையார் மருத்துவமனையும் தொழுநோய் மையமும், வேலூரை அடுத்துக் கரிகிரியில் அமைந்த மையமும் எழுந்தது அதனால்தான். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்டு, நோயாளியின் விரல்களைத் தின்பது நோயன்று என்று காட்டினார். உணர்ச்சி மரத்துப்போகும், சுட்டதும் வெட்டியதும் தெரியாது, அதனாலேயே விரல்கள் அழிகின்றன. 1981இல் உலக நல நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தபின் நோய் வேகமாகக் குறைந்தது. சொல் மட்டும் குறையவில்லை. குட்டம் என்ற வசை இன்றும் நம் தெருக்களில் கேட்கிறது.

அடுத்து வந்தது எய்ட்ஸ். அதன் இந்திய வரலாறும் நம் வாசலிலேயே தொடங்குகிறது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றுவந்த செல்லப்பன் நிர்மலா, தம் பேராசிரியை சுனிதி சாலமனின் தூண்டுதலால் இந்நோய்க் கிருமியைத் தேடத் தொடங்கினார். பாலியல் தொழிலில் ஈடுபட்டதாகப் பிடிக்கப்பட்டு அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் குருதி எடுத்தார். சோதிக்கும் வசதி அப்போது சென்னையில் இல்லை. எனவே குருதியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி வேலூருக்குக் கொண்டுசென்றார். அங்கே சில மாதிரிகளின் நிறம் மாறியது. இந்தியாவில் இந்நோய் இல்லை, இது மேலைநாட்டாரின் ஒழுக்கக்கேட்டால் வருவது என்று பேசிவந்தோர் வாயடைத்தனர். திருவண்ணாமலை அன்று வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆர்க்காடு மாவட்டத்தின் ஒரு பகுதி. 1989இல்தான் தனி மாவட்டமாயிற்று.

குருதி தந்த பெண்களுக்கு என்ன நேர்ந்தது? கிருமி கண்ட பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்தபின்னும் வெளியே விடாமல் வைத்திருந்தனர். பத்திரிகையாளர் ஷ்யாமளா நடராஜ் வழக்குத் தொடுத்து, 1990இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்ட பின்னரே அவர்களுக்கு விடுதலை கிட்டியது. நூற்றாண்டுக்கு முன் நீக்கப்பட்ட பழைய அடைப்பு, சட்டப் புத்தகத்தில் இல்லாமலே திரும்பி வந்திருந்தது.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் தமிழகம் விழித்தெழுந்ததை மறுக்க இயலாது. 1994இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தோன்றியது. 2000களின் தொடக்கத்தில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற கேள்வி சுவர்தோறும் பேருந்துதோறும் நின்றது. ராஜா என்ற பெயருள்ள இளைஞர்கள் பட்ட பாடு தனிக்கதை! புள்ளிராஜா பெண்களிடம் செல்பவன். ஆண்களை நாடும் ஆண் ஒருவன் அச்சுவரொட்டிகளில் எங்குமே இல்லை. கோத்தி என்று தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் மென்மையியல்புடையோரும், அவ்வாறு எப்பெயரும் சூடாமல் மனைவி மக்களோடு வாழ்வோரும் நகரங்களில் நிறைய உளர் என்பதைக் களப்பணியாளர் அறிந்திருந்தனர். சென்னையில் சகோதரன் என்ற அமைப்பு 1998இல் அவர்களிடையே பணி தொடங்கியது. காவலர் கண்ணில் படாமல் இருப்பதே அன்றைய பணியில் பாதி.

சட்டம் எவ்வாறு நோய்க்கு உதவியது என்பதற்கு ஒரு சான்று போதும். தில்லி திகார் சிறையில் ஆண் கைதிகளுக்கு ஆணுறை வழங்க வேண்டுமென மருத்துவர் கேட்டபோது நிருவாகம் மறுத்துவிட்டது. அதை எதிர்த்து எய்ட்ஸ் பேத்பாவ் விரோதி ஆந்தோலன் என்னும் அமைப்பு 1994இல் நீதிமன்றம் சென்றது. 377ஆம் பிரிவின் மீது தொடுக்கப்பட்ட முதல் வழக்கு அதுவே. பின்னர் 2001இல் நாஸ் அறக்கட்டளை தொடுத்த வழக்கில் விந்தையொன்று நிகழ்ந்தது. ஒரே நடுவண் அரசின் உள்துறை அப்பிரிவு வேண்டும் என்றது. எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமோ இப்பிரிவு மக்களை மறைவிடங்களுக்குத் துரத்துவதால் தங்கள் பணியே நடைபெறவில்லை என்று எழுத்தில் தந்தது. 2009இல் தில்லி உயர்நீதிமன்றம் அப்பிரிவைத் தளர்த்தியது. 2013இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2018 செப்டம்பர் 6இல் உச்சநீதிமன்றமே, வயது வந்தோரின் இசைவுள்ள உறவு குற்றமன்று என்று இறுதியாகச் சொன்னது.

இங்கே நாம் ஒரு கேள்வியை நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் தேசியக் கண்காணிப்புக் கணக்கின்படி இந்தியாவில் வயது வந்தோருள் இக்கிருமி உள்ளோர் நூற்றுக்கு 0.22. ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களிடையே அது 2.69, திருநங்கையரிடையே 3.14. ஏறத்தாழப் பத்து மடங்கு, அதற்கும் மேல். பக்தர்கள் சிலர் இதைக் கண்டதும் தலையசைப்பர்: செய்ததன் பயன்தானே! இக்கருத்து எம் சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. கருமவினை என்போரும் கடவுளின் தண்டனை என்போரும் இதில் ஒரே திண்ணையில் அமர்கின்றனர்.

இதற்கு விடை காண அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் செல்வோம். அத்தனை தொலைவு ஏன் என்று வாசகர் வினவலாம். பாவத்தின் அளவும் நோயின் அளவும் ஒன்றாகப் போகின்றனவா என்பதைத் துலாக்கோலில் இட்டு நிறுத்துப் பார்த்த ஆய்வு அவர்களைப் பற்றியே எழுந்தது. அந்நாட்டில் தன்பாலீர்ப்புடைய கறுப்பின ஆண்களிடம் இக்கிருமி வெள்ளையினத்தாரிடம் உள்ளதைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதி. நிலை இப்படியே நீடித்தால் அவர்களுள் இருவருக்கு ஒருவர் வாழ்நாளில் தொற்றுக்கு ஆளாவர் என்று 2016இல் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் கணித்தது. அவர்கள் மிகுதியாக ஒழுக்கம் தவறுவோர் என்பதே பலரது முடிவு. கிரகோரியோ மில்லட் என்னும் ஆய்வாளர் தம் தோழர்களுடன் 2006 முதல் அதுவரை நிகழ்ந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார். கறுப்பின ஆண்களுக்குத் துணைவர் எண்ணிக்கை கூடுதலாக இல்லை. ஆணுறையைத் தவிர்ப்பதிலும் அவர்கள் பிறரை விஞ்சவில்லை. ஒழுக்கக் கணக்கில் வேறுபாடே இல்லாதபோது நோய்க் கணக்கில் மலையளவு வேறுபாடு.

அப்படியாயின் எது காரணம்? சிறிய வட்டத்தில் கிருமி ஏற்கனவே மிகுந்திருந்தால், அங்கே ஒருமுறை தவறியவனுக்கும் ஆபத்து பெரிது. வறுமையால் மருத்துவமனை எட்டாது. தனக்குத் தொற்று உண்டென்று அறியாதவர் மிகுதி. அறிந்தும் மருந்து தொடங்காதவர் மிகுதி. மருந்து உண்ணாத உடலில் கிருமி பெருகும், பிறருக்குப் பரவும். அறியாமலிருக்க ஏன் விழைகிறான் ஒருவன்? சோதனைக்குப் போவதே தன்னைப் பற்றிய ஒப்புதல் ஆகிவிடும் என்ற அச்சம். வறுமையையும் இன ஒதுக்கலையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் சமயம் நுழையும் வாசல் இந்த அச்சமே.

கறுப்பின மக்களுக்குக் கோவில் வெறும் வழிபாட்டிடமன்று. அடிமைக் காலத்திலும் அதற்குப் பின்னும் அவர்களுக்கென்று இருந்த ஒரே வீடு அது. பள்ளி, சங்கம், அரசியல் மேடை யாவும் அங்கே பிறந்தன. அதன் பாடகர் குழுவில் நின்று கண்ணீர் மல்கப் பாடும் இளைஞனே, அதன் பிரசங்க மேடையிலிருந்து தன்னைப் பற்றிய சாபத்தையும் கேட்கிறான். எழுத்தாளர் ஜேம்ஸ் பால்டுவின் பதினான்கு வயதில் ஹார்லெமில் பிரசங்கியாக நின்று, மூன்றாண்டுகளில் அம்மேடையை விட்டு இறங்கியவர். வெளியே போனாலும் அக்கோவிலின் மொழி அவர் எழுத்தை விட்டுப் போகவில்லை. அவரைப்போல் வெளியேற முடியாதவரே பெரும்பாலோர். வெளியேறினால் தாயும் உறவும் ஊரும் போய்விடும். ஆகவே உள்ளேயே இருந்து மறைந்து வாழ்கின்றனர்.

அதே கோவில் மருந்தாகவும் ஆனதுண்டு. ஹார்லெம் மருத்துவமனையில் பணிபுரிந்த பெர்னெசா சீல் என்னும் பெண்மணி, எய்ட்ஸ் நோயாளிகள் தம் சபையாரின் வருகையின்றித் தனித்துக் கிடப்பதைக் கண்டார். தெருவுக்கு ஒரு கோவில் உள்ள பகுதி ஹார்லெம்! 1989இல் அவர் சபைகளையும் பள்ளிவாசல்களையும் பிற சமயத்தாரையும் அழைத்து, எய்ட்ஸ் நோயின் குணத்திற்காக ஒரு வாரம் செபிக்கச் செய்தார். கவனியுங்கள்: அவர் கோட்பாட்டு விவாதத்திற்கு அழைக்கவில்லை. செபத்திற்கு அழைத்தார், மறுப்பது எந்தப் போதகருக்கும் அரிதாயிற்று. செபிக்கத் தொடங்கிய சபை நோயின் பெயரைப் பலிபீடத்திற்கு அருகில் சொல்ல வேண்டியதாயிற்று. சொன்ன பின் சோதனையும் மருந்தும் பேசக்கூடியவை ஆயின. அதிலிருந்து வளர்ந்த அமைப்புக்கு, எரேமியா நூலில் இறைவாக்கினர் தேடி ஏங்கிய கிலயாதுத் தைலத்தின் பெயரையே இட்டனர். லாஸ் ஏஞ்சலிசில் கார்ல் பீன் என்ற பாடகர் இன்னொரு வழியை எடுத்தார்: 1982இல் தன்பாலீர்ப்புடைய கறுப்பின மக்களுக்கென ஒரு சபையையே தொடங்கி, 1985இல் அதனோடு எய்ட்ஸ் பணியையும் இணைத்தார்.

நம்மூருக்குத் திரும்புவோம். சென்னைக் கோத்திகளைப் பற்றி வெங்கடேசன் சக்கரபாணியும் தோழர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. காவலர் அடியும், குண்டர் வன்முறையும், வீட்டாரின் வெறுப்பும் அவர்களைப் பாதுகாப்பற்ற உறவுக்குத் தள்ளுகின்றன. அவசரமும் இருளுமே இடமாக வாய்த்தவனிடம் எச்சரிக்கையை எதிர்பார்ப்பதெங்ஙனம்?

தமிழ்நாட்டில் இதனோடு ஒன்று கூடுகிறது, அது திருமணம். ‘கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்’ என்பது நம் பெற்றோரின் மருத்துவம். அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்டு கிரிவலம் வரும் தாயரும், தியான இல்லத்திற்குப் பிள்ளையை அழைத்துவரும் தாயரும் இதில் வேறல்லர். பிள்ளை வாய் திறப்பதில்லை, திருமணம் நடந்துவிடுகிறது. பின்னர் நோய் அந்த வீட்டுக்குள் வந்தால் அதைச் சுமப்பவள் ஒன்றுமறியாத ஒரு பெண். பங்குத்தந்தையர் இதை ஏட்டில் படித்து அறிய வேண்டியதில்லை. காசநோய் என்று சொல்லப்பட்ட அடக்கச் சடங்குகள் சிலவற்றில், சொல்லப்படாத பெயரை அனைவரும் அறிந்தே நின்றதுண்டு. வற்புறுத்தலாலோ பேரச்சத்தாலோ செய்யப்படும் திருமணம் செல்லாது என்பது திருச்சபைச் சட்டத்தின் 1103ஆம் விதி. குருமடத்தில் அதைக் கற்றபோது துப்பாக்கி முனையில் நடக்கும் திருமணமே நம் மனக்கண்ணில் தோன்றும். தாயின் கண்ணீர் முனையில் நடப்பதை யாரும் எண்ணுவதில்லை.

திருச்சபையின் ஒழுக்கப் போதனையை இங்கு நாம் மாற்றி எழுத வரவில்லை; கற்புநெறிக்கு அது எல்லோரையும் அழைக்கிறது. அதே 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி ஏடு, இத்தகையோரை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநீதியாக அவர்களை ஒதுக்கலாகாது என்றும் கட்டளையிடுகிறது. முதற்பகுதியை அறிந்த நம் மக்களுள் எத்தனை பேர் இரண்டாம் பகுதியைக் கேட்டுள்ளனர்? பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்டு, பாவம் செய்தவன் இவனா இவன் பெற்றோரா என்று சீடர் கேட்ட இடம் யோவான் நற்செய்தியில் உண்டு. ஆண்டவர் இரண்டையும் மறுத்தார். பின்னர் மண்ணைக் குழைத்து அவன் கண்ணில் பூசினார். கேள்விக்கு முழு விடை சொல்லாமலே கைவேலையைத் தொடங்கிவிட்டார் என்றுகூடச் சொல்லலாம்.

நம் நாட்டு மரபில் இவர்களுக்கு இடமே இருந்ததில்லை என்பதும் சரியன்று. தீபத்திருநாளன்று மாலை மலைமேல் பெருஞ்சுடர் ஏற்றப்படும் வேளையில், ஆணும் பெண்ணும் ஓருடலாகிய அர்த்தநாரீசுவரர் கோவிலினின்று வெளிவந்து சில நிமிடங்களே ஆடிக் காட்சி தருவார். ஆண்டுக்கு ஒருமுறைதான், அதைக் காணவே கூட்டம் முற்றத்தில் மூச்சடக்கி நிற்கும். உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே கூவாகத்தில் சித்திரை முழுநிலவுக்குத் திருநங்கையர் கூடுகின்றனர். மோகினியாய் வந்து அரவானை மணந்த கண்ணனின் நினைவாய்த் தாலி கட்டிக்கொள்கின்றனர். நேர்த்திக்கடனாக அவ்வூர்ப்புறத்து ஆண்களும் சிறுவரும்கூடக் கட்டிக்கொள்வதுண்டு. மறுநாள் அரவான் களப்பலி. தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளாடை உடுத்தி அழுது கலைவர். 1990கள் முதல் அவ்விழாவில் எய்ட்ஸ் பணியாளரும் கூடாரம் அமைத்துவருகின்றனர். வேறெங்கும் ஒளிந்து வாழ்வோர் அங்கே வெளிச்சத்தில் நிற்பதால், சோதனைக்கும் அறிவுரைக்கும் அதைவிட ஏற்ற இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அரவாணி என்ற பெயர் போய்த் திருநங்கை என்ற பெயர் நிலைபெற்றதும், 2008இல் அவர்களுக்கெனத் தமிழக அரசு நலவாரியம் அமைத்ததும் இவ்வெளிச்சத்தின் தொடர்ச்சியே. ஆண் உடையில், ஆண் பெயரில், நம்மிடையே வாழும் தன்பாலீர்ப்பினருக்குக் கூவாகம் இல்லை.

நம் துறவியர் இந்நோயில் செய்த பணி சிறிதன்று. அன்னை தெரசா 1985ஆம் ஆண்டுக் கிறிஸ்துமசுக்கு முந்திய நாளில் நியூயார்க்கில் எய்ட்ஸ் நோயாளருக்கு இல்லம் திறந்தபோது, அங்கே வந்தவர்களின் வரலாற்றை யாரும் கேட்கவில்லை. இந்திய ஆயர் பேரவை 2005இல் எய்ட்ஸ் குறித்துத் தனிக் கொள்கையே வகுத்தது. சாகக் கிடப்பவனின் படுக்கையருகே நாம் என்றும் பின்வாங்கியதில்லை. அவன் நலமாக நடமாடும்போது, இருபத்திரண்டு வயதில், பங்கு இல்லத்து வாசலில் தயங்கி நிற்கும்போதுதான் நமக்குச் சொல் கிடைப்பதில்லை.

மருந்துக்கோ இன்று குறைவில்லை. 2004 ஏப்ரலில் தாம்பரம் உட்பட நாட்டின் எட்டு மருத்துவமனைகளில் தொடங்கிய இலவசச் சிகிச்சை மாவட்டங்கள்தோறும் வந்துவிட்டது. தவறாது உண்பவரின் குருதியில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறையும். அந்நிலையில் உறவின் வழியே அது பிறருக்குப் பரவுவதில்லை என்பதும் ஐயமற நிறுவப்பட்டுள்ளது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் நோயாளரின் பெயரை வெளியிடுவதைத் தடை செய்கிறது. எனினும் இத்துறையில் உழைப்போர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் செய்தி ஒன்று உண்டு: சொந்த ஊர் மருத்துவமனையில் நிற்க அஞ்சி, விழுப்புரத்தார் வேலூருக்கும் வேலூரார் சென்னைக்கும் பேருந்தேறிச் சென்று மாத்திரை வாங்கி வருகின்றனர். பேருந்துக் காசு இல்லாத மாதத்தில் மாத்திரையும் இல்லை.